அரிய பறவையைத் தேடிப் போகும் முன்

உதகமண்டலத்தில் சில வீடுகளின் பின்கட்டில், காய்கறித் தோல் கொட்டும் இடத்துக்கு விடிந்ததும் ஒரு கூட்டம் வந்துவிடும். மைனாவை விடச் சற்றுச் சிறிய உடல், செம்பழுப்பு வயிறு, கண்ணுக்கு மேலே மை தீட்டாத வெள்ளைப் புருவம். ஒன்று குரல் கொடுத்தால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். யாரோ அடக்க முடியாமல் சிரிப்பதுபோல் இருக்கும். நீலகிரிச் சிரிப்பான் அது. அந்த வீட்டாருக்குக் காக்கை எப்படியோ அப்படி. அதே பறவையைப் பார்ப்பதற்காகக் கடல் தாண்டி வந்தவர்கள், வேலிக்கு இந்தப் பக்கம் பைனாகுலரும் நடுங்கும் கையுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நீலகிரி மலையை விட்டால் உலகில் வேறு எங்கும் அது கிடையாது.

பறவை நோக்குகிறவர்களின் பேச்சில் ‘அரிது’ என்ற சொல் அடிக்கடி வரும். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத பல பொருள்கள் அடைந்துகிடக்கின்றன. சிறிய இடத்தில் மட்டுமே வாழ்வதால் ஒரு பறவை அரிது. ஏராளமாக இருந்தும் கண்ணில் படாததால் இன்னொன்று அரிது. வழி தவறி வந்துவிட்டதால் ஒன்று. அழிந்துகொண்டிருப்பதால் ஒன்று. எந்த வகை என்று தெரியாமலேயே பெரும்பாலான பயணங்கள் கிளம்புகின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கிளம்பினேன். பறவை ஏன் அரிதாக இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகு நான் போகும் காலம் மாறியது, நிற்கும் தூரம் மாறியது, யாரிடம் பணம் கொடுக்கிறேன் என்பதும் மாறியது.

முதல் வகைக்கு நம் மலைகளைவிட நல்ல பாடம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலே போனால் உலகமே வேறு. மலையின் மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி, குளிர்கால இரவுகளில் உறைபனி. கீழே இறங்கினால் வெப்பமும் வறண்ட காடும் வயலும். குட்டைச் சிறகோடு சோலையின் புதரடியிலேயே பிறந்து அங்கேயே மடியும் ஒரு சிறு பறவைக்கு, அந்தச் சூடான தாழ்நிலம் கடலுக்குச் சமம். அதனால்தான் அறிவியலாளர்கள் இந்த மலையுச்சிகளை ‘வானத் தீவுகள்’ என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். ரயிலில் போகும்போது இரண்டு பக்கமும் மலை விலகி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த இடைவெளியைச் சோலைப் பறவைகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கடக்கவில்லை.

வி. வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தப் பறவைகளின் மரபணு, குரல், உடல் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிரிப்பான்களில் பாணாசுர மலைக்கு ஒன்று, நீலகிரிக்கு ஒன்று, பழனி-ஆனைமலைப் பகுதிக்கு ஒன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதிக்கு ஒன்று என நான்கு இனங்கள். சோலைக்கிளிகள் மூன்று; அவற்றில் தென்கோடியில் வாழ்வது அந்த ஆய்வில்தான் முதன்முதலாகத் தனி இனமாக விவரிக்கப்பட்டது. இரண்டு குழுக்களுக்கும் புதிய பேரினங்களே உருவாக்கப்பட்டன. அதில் ஒன்றின் பெயர் ஷோலிகோலா. நம் ‘சோலை’ இப்படி இலத்தீனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளியைத் தேடவேண்டாம். மலையாளத்தில் ‘கிளி’ என்றால் பொதுவாகப் பறவை. இது கருநீல உடம்போடு, இருட்டான ஓடைக்கரையில் தத்தித் திரியும் சிறு பறவை.

இந்த அறிவிப்பு வந்ததும், தாங்கள் கண்ட பறவை இனங்களைப் பட்டியலிட்டு எண்ணுபவர்களிடையே நடந்தது சுவையானது. முன்பே இந்த மலைகள் பலவற்றுக்கும் போய் வந்தவர்களின் பட்டியல், ஒன்றாக எண்ணிய இனங்கள் பிரிந்ததால், வீட்டில் உட்கார்ந்தபடியே நீண்டது. ஒரு மலையை மட்டும் பார்த்தவர்கள் மறு மலைக்கு டிக்கெட் எடுத்தார்கள். மலைக்கு ஒரு நிறுத்தம் என்று பயணத் திட்டங்கள் மாறின. ஒரு மரபணு ஆய்வு சுற்றுலாப் பாதையையே திருப்பிவிட்டது.

இந்தப் பறவைகளைக் காண்பது கடினமே இல்லை. கொடைக்கானலில் பழனிச் சிரிப்பான் தோட்ட வேலியில் வந்து உட்காரும். இவற்றுக்கு ஆபத்து பார்வையாளர்களால் வருவதைவிட மண்ணில் நட்டதால் வந்தது அதிகம். வாட்டில் எனப்படும் சீகையும் யூகலிப்டஸ் என்னும் கற்பூர மரமும் தேயிலையும் மலைப் புல்வெளிகளைப் பெருமளவு விழுங்கிவிட்டன. திறந்த உயர்மலைப் புல்வெளியில் மட்டும் வாழும் நீலகிரி நெட்டைக்காலிக்கு அந்தப் பச்சை மரக்கூட்டம் பாலைவனம். சாலையில் வண்டியை நிறுத்தி, அடர்ந்து நிற்கும் சீகைத் தோப்பைக் ‘காடு’ என்று படமெடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லத் தோன்றும்: நீங்கள் படமெடுப்பது ஒரு புல்வெளியின் சமாதியை. இனி வெப்பம் ஏற ஏற, கீழே இருக்கும் பறவை மேலே நகரலாம். உச்சியில் இருப்பது எங்கே நகரும்?

இரண்டாவது வகை முற்றிலும் வேறு. பெரியாற்றங்கரையில், எர்ணாகுளம் மாவட்டத்தில் தட்டேக்காடு இருக்கிறது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய பறவையியலாளர் சாலிம் அலி பெரிதும் வியந்த காடு. 1983இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “தவளைவாயன் கிடைக்குமா?” மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டும் வாழும் இரவுப் பறவை அது. பகலில் ஜோடியாக ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு காய்ந்த இலைக்கொத்துகள்தான் தெரியும். என் முகத்துக்கு நேரே, கை எட்டும் உயரத்தில் இருந்ததை வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டியும் எனக்குப் புலப்பட வெகுநேரம் ஆனது.

இவ்வளவு மறைவான பறவையை வழிகாட்டி மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? தவளைவாயன் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து அடையும். அந்தக் கிளையை அறிந்தவருக்குப் பறவையும் தெரியும். அதுவே அதற்கு வினையாகவும் முடிகிறது. ஒரு கிளையின் இடம் பத்துப் பேருக்குத் தெரிந்தால் வார இறுதியில் அங்கே வரிசை நிற்கிறது. இந்த இனத்தில் முட்டை ஒன்றே ஒன்று. பகல் முழுவதும் ஆண்தான் அடைகாக்கும். அது பயந்து எழுந்தால் அந்த ஆண்டின் முயற்சி முழுவதும் வெயிலிலும் அணில் கண்ணிலும் கிடக்கும். சில வழிகாட்டிகள் கூடு இருக்கும் நாட்களில் அந்தப் பக்கமே ஆட்களை அழைத்துப்போவதில்லை. “இன்றைக்கு இல்லை சார்” என்று சொல்லிவிடுவார்கள். இப்போதெல்லாம் அப்படிச் சொல்பவரைத்தான் நான் தேடிப் போகிறேன்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இந்த வகையில்தான் மிகுதி. பலர் அதை ஒரு சின்னத் தந்திரமாக நினைக்கிறார்கள். பறவையின் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் வேறு. தன் எல்லைக்குள் எதிரி ஆண் ஒன்று நுழைந்துவிட்டதாகவே அது நம்புகிறது. இரை தேடுவதையும் குஞ்சைக் கவனிப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது. எதிரி இல்லை. திரும்பிப் போகிறது. அடுத்த வண்டி வந்து மறுபடி ஒலிக்கவிடுகிறது. காலையில் ஐந்து குழுக்கள் வரும் ஓடைக்கரையில் ஒரு சோலைக்கிளியின் நாள் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

வழி தவறி வரும் பறவைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேடிப் போகும் வெறியின் உச்சம் அங்கேதான் தெரியும். 1989 பிப்ரவரியில், வட அமெரிக்காவைச் சேர்ந்த பொன்சிறகுக் கதிர்க்குருவி ஒன்று இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் லார்க்ஃபீல்டு என்ற ஊரில், டெஸ்கோ பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்துக்கு அருகே தென்பட்டது. பிரிட்டனில் அதற்கு முன் அது பதிவானதே இல்லை. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்த மாதத்தில் அந்தப் பறவைக்கு ஊரே வேறு. மத்திய அமெரிக்காவின் வெப்பக் காடுகளில் இருக்க வேண்டிய காலம். அட்லாண்டிக் புயலோ காற்றோ தூக்கி எறிந்த இப்படிப்பட்ட பறவைகளில் பெரும்பாலானவை வீடு திரும்புவதில்லை. ஆயிரம் பேர் பார்ப்பதால் அந்த இனத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அந்த ஒற்றைப் பறவைக்கு மட்டும் இரை தேடவும் இளைப்பாறவும் இடம் விட்டால் போதும்.

நான்காவது வகை அழிந்துகொண்டிருப்பது. என்னை நிம்மதியிழக்கச் செய்வது இதுதான். ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்து முட்புதர்க் காட்டில் வாழ்வது ஜெர்டான் கல்குருவி. தெலுங்கில் கலிவிக்கோடி, கலிவிப் புதர்க் கோழி என்று பொருள். 1848இல் அறிவியலுக்கு அறிமுகமானது. 1900க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அழிந்துபோனது என்றே பலரும் முடிவுகட்டிவிட்டார்கள். 86 ஆண்டுகள் கழித்து, 1986 ஜனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண் நடத்திய தேடலில் ரெட்டிப்பள்ளிக்கு அருகே அது மறுபடி கிடைத்தது. கிடைக்கச் செய்தவர் உள்ளூரில் பறவை பிடிக்கும் ஒருவர். இரவில் விளக்கொளியில் கையால் பிடித்துக் கொண்டுவந்தார். அந்தப் பறவை பிழைக்கவில்லை. உலகம் தேடிய பறவையை உள்ளூர்க்காரர் முன்பே அறிந்திருந்தார். அவரிடம் கேட்கத்தான் 86 ஆண்டுகள் ஆயின.

இந்தப் பறவை இரவில் மட்டும் நடமாடும், பயந்த சுபாவம், எண்ணிக்கையோ மிகச் சொற்பம். எனவே ஆய்வாளர்கள் பறவையைத் தேடுவதை விட்டு அதன் காலடியைத் தேடினார்கள். புதர்களுக்கு இடையே மெல்லிய மண்ணைப் பட்டையாகப் பரப்பி வைத்து, காலையில் அதில் பதிந்த தடங்களைப் படிப்பது. தானியங்கிக் கேமராக்களை வைப்பது. தமிழ்ப் பறவையியலாளர் ப. ஜெகநாதன் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் செய்த வேலை அது. அந்தத் தடங்கள்தான் பின்னர் காட்டையும் காப்பாற்றின. தெலுங்கு கங்கை வாய்க்கால் அந்தப் புதர்க்காட்டின் ஊடே வெட்டப்பட்டபோது, இங்கே பறவை இருக்கிறது என்று காட்டச் சான்று கையில் இருந்தது. வாய்க்காலின் தடம் மாற்றி அமைக்கப்பட்டது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் திட்டம்தான் இந்தத் தெலுங்கு கங்கை. நம் குழாயில் வரும் தண்ணீருக்கும் ஓர் இரவுப் பறவையின் வீட்டுக்கும் இவ்வளவு நெருக்கம்.

கலிவிக்கோடியைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? இருக்கிறது, நிறையவே. ஆனால் இரவில் டார்ச் விளக்கோடு அந்தப் புதர்களுக்குள் ஒவ்வொரு பார்வையாளராகப் போய் வந்தால் என்ன மிஞ்சும்? இந்த வகைப் பறவைக்குப் போகாமல் இருப்பதும் பறவை நோக்கலில் சேர்த்திதான். ஈபேர்ட் போன்ற இணையப் பதிவேடுகள் இப்படிப்பட்ட இனங்களின் சரியான இடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடுவது அதனால்தான். கானமயிலுக்கும் இது பொருந்தும். மொத்தமே 150க்கும் குறைவாக, பெரும்பாலும் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் எஞ்சியிருக்கும் பெரிய புல்வெளிப் பறவை. பெட்டை ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. அதைப் பார்க்கப் போனால் சாலையை விட்டு இறங்காமல், வண்டியை ஓட்டித் துரத்தாமல், தொலைவிலிருந்து கண்டு திரும்ப வேண்டும்.

இதற்கெல்லாம் மறுபக்கமாக ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் காடு. ரமணா ஆத்ரேயா வானியற்பியல் அறிஞர். பறவைகள் அவருடைய தீராத ஆர்வம். 1995இல் அங்கே எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு பறவையை ஒரு கணம் பார்த்தார். கறுப்புத் தொப்பி, சாம்பல் கலந்த பச்சை உடல், சிறகில் மஞ்சளும் சிவப்பும். பத்தாண்டுகள் கழித்து மறுபடி அதைக் கண்டு, 2006இல் புதிய இனமாக விவரித்தார். புதிய இனத்தை அறிவிக்க ஒன்றைக் கொன்று அருங்காட்சியகத்தில் வைப்பது நெடுநாள் வழக்கம். அதுவரை தென்பட்டவை 14 பறவைகளே என்பதால் அவர் அதைச் செய்யவில்லை. வலையில் சிக்கி விடுவிக்கப்பட்ட பறவையின் உதிர்ந்த இறகுகள், படங்கள், ஒலிப்பதிவு ஆகியவற்றைக் கொண்டே விவரித்தார். அந்த மண்ணின் மக்களான புகுன் பழங்குடியின் பெயரைப் பறவைக்குச் சூட்டினார்: புகுன் லியோசிக்லா.

அதன் பிறகு அந்தப் பறவையைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முகாம் நடத்துவதும் சமைப்பதும் வண்டி ஓட்டுவதும் வழிகாட்டுவதும் ஊரார் வேலையானது. வருகிறவர்கள் தரும் கட்டணத்தில் ஒரு பங்கு ஊருக்குப் போகிறது. 2017இல் சிங்சுங் ஊரின் புகுன் மக்கள் தங்கள் காட்டில் 17 சதுர கிலோமீட்டரைச் சமூகக் காப்பகமாக ஒதுக்கினார்கள்; காவலுக்கும் ஊர் இளைஞர்களே. தேடிப் போகிறவர்களின் பணம் ஒரு பறவைக்கு எப்படிக் கூரையாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியவில்லை. ஆனால் இது எங்கும் தானாக நிகழ்வதில்லை. நகரத்து நிறுவனத்திடம் முழுத் தொகையையும் கட்டி, அதன் வண்டியில் போய், அதன் வழிகாட்டியோடு பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த ஊருக்கு மிஞ்சுவது டயர் தடம் மட்டுமே. காட்டின் சொந்தக்காரர்களிடம் பணம் நேரே போய்ச் சேர்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி பட்டியலைப் பற்றி. உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் இருக்கின்றன. ஃபீபி ஸ்னெட்சிங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1981இல் தோல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஓராண்டுகூட இருக்கமாட்டார் என்றார்கள். அவர் சிகிச்சையில் முடங்கவில்லை, பறவை பார்க்கக் கிளம்பினார். 18 ஆண்டுகள் அலைந்தார், 8,000 இனங்களைக் கண்ட முதல் மனிதரானார். 1999இல் மடகாஸ்கரில் பறவை பார்க்கும் பயணத்தின்போதே சாலை விபத்தில் இறந்தார். 2024 பிப்ரவரியில் பீட்டர் கெஸ்ட்னர் பிலிப்பைன்ஸில் 10,000 என்ற எண்ணைத் தொட்டார். இவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஸ்னெட்சிங்கர் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மாதக்கணக்கில் படித்தார், இனங்களுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் குறித்துவைத்தார் என்பதை அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த உழைப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. கண்டதும் ஒரு டிக் அடித்துவிட்டு, அடுத்த நிமிடமே வண்டிக்குத் திரும்புகிறார்கள். பறவை எதைத் தின்றது, எந்த மரத்தில் இருந்தது, கூட யார் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள காடுகளில் கூடு கட்டும். குளிர்காலத்தில் நீலகிரிக்கும் இலங்கை மலையகத்துக்கும் வந்துவிடும். நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில், பள்ளிப் பிள்ளைகள் விளையாடும் சத்தத்துக்கு நடுவே அதைப் பார்க்கலாம். வெறும் டிக் என்றால் அங்கேயே கதை முடிந்தது. அந்த விரலளவுப் பறவை இமயத்திலிருந்து இந்தியா முழுவதையும் கடந்து, கடலையும் தாண்டி, ஒரு நகரப் பூங்காவின் சாக்கடையோர மரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்தால் அரை மணி நேரம் அங்கிருந்து நகர மனம் வராது.

இன்னொரு அரிய வகை இருக்கிறது. அதை நம் கண்முன்னே நாமே உண்டாக்கினோம். செத்த விலங்குகளைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகான வெண்முதுகுப் பாறு. 1980களில் இந்தியாவில் அதை யாரும் தேடிப் போகவில்லை, எண்ணவும் இல்லை. உலகின் பெரிய இரைகொல்லிப் பறவைகளில் அதுவே மிக அதிகமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. மாடு செத்துக் கிடந்தால் அரை மணியில் எலும்பாகிவிடும். மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவது 2006இல் தடை செய்யப்பட்டது. அதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபினாக் மருந்துகள் 2023இல்தான் தடை செய்யப்பட்டன.

இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க முதுமலையை அடுத்த மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். ஆற்றோர நீர்மருது மரங்களில் அவை கூடு வைத்திருக்கின்றன. அங்கே போக அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. சாலையோரத்தில், தொலைவில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். அதிகாலையில் போய்ப் பயனில்லை. வெயில் ஏறி, தரையிலிருந்து வெப்பக் காற்று எழும்பும் வரை பாறு கிளம்பாது. கடந்த முறை போனபோது ஒன்பதரை மணிக்கு முதல் பறவை பாறை விளிம்புக்கு மேலே சுழன்று எழுந்தது. அதன் பின்னே ஒன்று, மேலும் இரண்டு. மசினகுடியிலிருந்து மாடு ஓட்டிவந்த ஒரு பெரியவர் நாங்கள் ஸ்கோப்பில் பார்ப்பதைக் கண்டு நின்றார். அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “எங்க அப்பா காலத்துல இதுங்க உக்காந்தா மரக்கிளை ஒடியும்” என்றார். பதினொரு மணி வரை நின்றோம். மொத்தம் ஏழு. நோட்டில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாவற்றோடும் எழுதிவைத்தேன்.